எந்த ஷிப்டில் நிறுத்துவது?
கஞ்சாவுக்கு முப்பது நாள் இடைவெளி

கஞ்சாவை ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவெடுத்துவிட்டீர்களா? நல்லது. முதலில் உங்கள் ஷிப்ட் அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் வாரம் ஏ ஷிப்டா, சி ஷிப்டா? காலை ஆறு மணிக்கு உள்ளே போகிற வாரத்தில் நிறுத்துவது ஒரு மாதிரி, இரவு பத்து மணிக்குக் கார்டு தேய்க்கிற வாரத்தில் நிறுத்துவது வேறு மாதிரி. ஓசூர், சூளகிரி, பர்கூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் சொல்ல இருப்பதில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

காரணம் இதுதான். 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து இந்த ஊரின் தூக்கம் மணியடித்து நடக்கிற தூக்கமாகிவிட்டது. ஜூஜூவாடியிலோ பாகலூர் சாலையிலோ ஒரு லைன் வீட்டு அறையில் ஆறு பேர் இருப்பார்கள். ஒருவன் படுக்கும்போது இன்னொருவன் சோறு பொங்குவான், மூன்றாமவன் போனில் பாட்டு வைப்பான். வாரம் ஒரு முறை ஷிப்ட் மாறும். புது ஷிப்டுக்கு உடம்பு பழகுவதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். “ஒரு தம் இழுத்தா படுத்தவுடனே தூக்கம் வந்துடும்டா” என்று அறையில் யாராவது சொல்வதில்தான் பலருக்கும் ஆரம்பம். ஜாலிக்கு இழுத்தவர்களும் உண்டு. ஆனால் தினசரிப் பழக்கமாக ஒட்டிக்கொண்டது பெரும்பாலும் தூக்கத்துக்காக எடுத்தவர்களிடம்தான் என்பது என் கணிப்பு. அதனால் நிறுத்தும்போதும் முதலில் போவது தூக்கம், கடைசியில் திரும்பி வருவதும் அதுவே.

ஏன் முப்பது நாள்?

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கோலமும் யெகியேல் காவோனியும் 1964-இல் அதைத் தனியாகப் பிரித்து, அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். சாராயம் தண்ணீரில் கரைவது, ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. தினமும் புகைப்பவரின் கொழுப்புத் திசுக்களில் சேர்ந்து கிடந்து, நிறுத்திய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒரே ஒரு நாள் புகைத்தவருக்குச் சிறுநீரில் அதன் மிச்சம் மூன்று நாள்போலத் தெரியும். தினசரிப் புகைத்தவருக்கு ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம். கம்பெனி மெடிக்கலில் இருபதாவது நாள் “பாசிட்டிவ்” என்று வந்தால் நீங்கள் அன்று போதையில் இருந்தீர்கள் என்று அர்த்தமில்லை. நிறுத்தியது வீண் என்றும் அர்த்தமில்லை.

மூளைப் பக்கம் நடப்பது இன்னும் முக்கியம். டி.எச்.சி. போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களுக்கு சி.பி.1 ஏற்பிகள் என்று பெயர். தினமும் புகை வந்துகொண்டே இருந்தால் மூளை இந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. முன்பு பாதி பொட்டலத்தில் கிடைத்த கிறக்கத்துக்கு இப்போது முழுதும் தேவைப்படுவது இதனால்தான். தினசரி புகைப்பவர்களின் மூளையை பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூளையின் மேலடுக்குகளில் இந்த ஏற்பிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. அவர்களையே ஏறக்குறைய நான்கு வாரம் புகைக்காமல் வைத்திருந்து மறுபடி பார்த்தபோது பெரும்பாலான பகுதிகளில் ஏற்பிகள் பழைய நிலைக்கு வந்திருந்தன. முப்பது நாள் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. பத்து நாள் நிறுத்திவிட்டு “ஒண்ணும் மாறல, தூக்கம்தான் போச்சு” என்று முடிவுக்கு வருபவர்கள், கஷ்டமான பாகத்தை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலன் வருவதற்கு முன்பே எழுந்து போகிறார்கள்.

முதல் வாரம்

விட்டதால் வருகிற தொந்தரவு, நிறுத்திய மறுநாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் ஆரம்பிக்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டாம் வாரக் கடைசியில் பெரும்பாலும் அடங்கும். வழக்கமாகப் புகைப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத்தான் இது தெரிகிற அளவுக்கு வரும். மற்றவர்கள் பெரிய தொந்தரவில்லாமல் தாண்டிவிடுவார்கள். உங்களுக்கு எது என்பதை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

உடம்பில் வியர்வை, குளிர், கைநடுக்கம், தலைவலி, வயிற்றைப் பிசைவது ஆகியவை வரலாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழியில் இந்தக் குளிர் வந்தால் “பனி ஒத்துக்கலை” என்று சொல்லிக் கம்பளிக்குள் சுருண்டுவிடுவோம். இரவில் பனியன் நனைகிற அளவு வியர்த்தால், துண்டும் மாற்றுச் சட்டையும் தலைமாட்டில் இருக்கட்டும். ஆனால் தெர்மாமீட்டரில் 101 தாண்டினால் கஞ்சாவின் மேல் பழி போடாதீர்கள். டெங்குவாக இருக்கலாம், ரத்தம் பரிசோதியுங்கள்.

பசி போய்விடும். கேன்டீன் தட்டைப் பார்த்தாலே குமட்டும். எடை ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் பயப்படாதீர்கள். வலுக்கட்டாயமாக முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டியதில்லை. கேழ்வரகுக் கஞ்சி, மோர், வாழைப்பழம், அவித்த முட்டை என்று நான்கைந்து முறையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் களிக்கும் கஞ்சிக்கும் பஞ்சமில்லை.

வாந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருஷம் தினமும் புகைத்த சிலருக்கு மாதக்கணக்கில் விட்டு விட்டுக் கடுமையான வாந்தி வரும். வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். எண்டோஸ்கோப்பி வரை எடுத்தும் ஒன்றும் சிக்காது. மருத்துவர்கள் இதை 2004-இல்தான் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். இதற்குக் காரணமே கஞ்சா, இதற்கு நிலையான மருந்து கஞ்சாவை விடுவது. “வாந்தி நிற்கத்தான் இழுக்கிறேன்” என்று சொல்பவராக இருந்து, வெந்நீர்க் குளியல் பழக்கமும் இருந்தால், மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

அடுத்தது கோபம். கூட இருப்பவர்களுக்கு முதலில் தெரிவது இதுதான். சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று வரும். லைனில் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் கை ஓங்கத் தோன்றும். இதற்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காரணத்தை முழுதும் சொல்ல வேண்டியதில்லை. “ணா, ஒரு வாரமா சரியா தூக்கமில்ல. ஏதாவது சுள்ளுனு பேசிட்டா மனசுல வெச்சுக்காதீங்க” என்றால் போதும். வீட்டில் அம்மாவிடமோ அக்காவிடமோ உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் ஏற்கனவே வாசனை பிடித்திருப்பார்கள்.

தூக்கம்

மற்றதெல்லாம் இரண்டு வாரத்தில் அடங்கினாலும் தூக்கம் ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் படுத்தும். படுத்தால் கண் மூடாது, மூடினால் இரண்டு மணிக்கு விழிப்பு வரும். தூங்கினால் கனவு கொட்டும். டி.எச்.சி. நாம் கனவு காண்கிற தூக்கக் கட்டத்தை அமுக்கி வைத்திருந்தது. அது விலகியதும் அந்தக் கட்டம் நிலுவையோடு திரும்பி வருகிறது. செத்துப்போன பாட்டி, துரத்துகிற நாய், கையை இழுக்கிற பிரஸ் மெஷின் என்று கனவில் எது வேண்டுமானாலும் வரும். கஞ்சா இழுக்கிற மாதிரியே கனவு வந்து, “ஐயோ, விட்டதை உடைச்சுட்டோமே” என்று பதறி எழுபவர்களும் உண்டு. கோயிலில் மந்திரிக்க வேண்டிய விஷயமில்லை இது. மூளை தன் வேலையைச் செய்கிறது.

இப்போது ஷிப்ட் கணக்குக்கு வருவோம். முடிந்தால் ஜெனரல் ஷிப்ட் அல்லது ஏ ஷிப்ட் வாரத்துக்கு முந்தைய வார விடுமுறையில் நிறுத்துங்கள். அப்போது மோசமான முதல் ஏழு நாளும் பகல் வேலையில் கழியும், இரவு படுக்கைக்குக் கிடைக்கும். அடுத்த சி ஷிப்ட் வருவதற்குள் உச்சம் தாண்டியிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து ஷிப்ட் உங்கள் கையில் இல்லையென்றால், யாரிடமாவது ஒரு வாரம் மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் அடுத்த பத்தியில் சொல்வதை விடாமல் கடைப்பிடியுங்கள்.

சி ஷிப்ட் முடிந்து வரும்போது காலை வெயில் கண்ணில் நேராக அடித்தால் உடம்பு விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷிப்டின் பிற்பாதியில் டீ வேண்டாம். வந்ததும் லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, காதில் பஞ்சு வைத்து, போனை அறைக்கு வெளியே சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். அறையில் ஆறு பேர் என்றால் ஒரே ஒரு விதி போதும்: ஒருவன் தூங்கும்போது ஸ்பீக்கர் கிடையாது. அரை மணி நேரம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள், கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாலையில் ராமநாயக்கன் ஏரிக் கரையில் ஒரு நடை, அல்லது சந்திரசூடேஸ்வரர் மலைக்கு ஒரு ஏற்றம். உடம்பு களைப்பது தூக்கத்துக்கு உதவும், அந்த ஒரு மணி நேரம் பழைய கூட்டாளிகள் கூடுகிற மூலையிலிருந்து உங்களைத் தள்ளி வைக்கவும் செய்யும்.

வேலையிடத்தில் கவனம். பவர் பிரஸ், டை காஸ்டிங், கிரைண்டிங், போர்க்லிஃப்ட் இவற்றில் நிற்பவர் தூக்கமில்லாத நான்காம் நாள் விரலை இழக்கலாம். போதையில் மெஷின் ஓட்டுவது ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும், விட்ட வாரத்தின் தூக்கமின்மையும் ஆபத்துதான் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த வாரத்துக்கு பேக்கிங்கோ இன்ஸ்பெக்ஷனோ கேட்டு வாங்குங்கள். நைட் முடிந்து தேசிய நெடுஞ்சாலை 44-இல் பைக்கை எடுக்காதீர்கள், கம்பெனி பஸ்ஸில் ஏறுங்கள்.

தாங்க முடியவில்லை என்றால் லீவு போட ஒரு வழி இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ.-க்குள் வருவார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களும்தான். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், மருத்துவர் சான்றிதழின் பேரில் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு, பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மனசு

இரண்டாம் வாரத்தில் வருவது வேறு மாதிரி. கோபம் தணிந்து ஒரு வெறுமை உட்காரும். பாட்டு பிடிக்காது, பிரியாணி ருசிக்காது, ஞாயிற்றுக்கிழமை நகரவே நகராது. “இதுதான் என் நிஜ குணமோ, இதை மறைக்கத்தான் இழுத்தேனோ” என்று தோன்றும். இந்த இரண்டு வாரத்தில் உங்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். வேலையை விடுவது, கல்யாணத்தை நிறுத்துவது, ஊருக்கே திரும்பிப் போவது எல்லாவற்றையும் முப்பது நாள் கழித்து யோசிக்கலாம்.

நல்லதும் இதே நேரத்தில் ஆரம்பித்திருக்கும். இருமலும் சளியும் குறையும். சட்டென்று படபடக்கும் நெஞ்சு அமைதியாகும். ஞாபகம் தெளியும். 16 முதல் 25 வயதுக்காரர்களை ஒரு மாதம் நிறுத்த வைத்து அமெரிக்காவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், புதிதாகக் கற்றதை நினைவில் வைக்கும் திறன் முதல் வாரத்திலேயே கூடியிருந்தது. கவனத்தில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸாகச் சேர்ந்திருக்கும் பையனுக்கு இது பெரிய செய்தி: டிராயிங் மண்டையில் ஏறவில்லை என்றால் மண்டைமேல் தப்பில்லாமல் இருக்கலாம்.

ஆனால் சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால், யாரோ பேசுவது காதில் கேட்டால், அறையில் இருப்பவர்களே தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றினால், அது “விட்டதால் வருகிற” சாதாரணத் தொந்தரவில்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, அப்படிப்பட்டவர்கள் இடைவெளி விடுவதைவிட ஒரேயடியாக விடுவதே சரி.

இடத்தை நிரப்ப வருபவை

இங்கே கஞ்சாவைத் தனியாகப் புகைப்பவர் குறைவு. சிகரெட் தூளோடு கலப்பார்கள். அதனால் கஞ்சாவை நிறுத்தும்போது நிகோடினும் குறைந்து, எரிச்சல் இரட்டிப்பாகும். இல்லையென்றால் சிகரெட் நாளுக்கு நான்கிலிருந்து பத்தாகும். இரண்டையும் சேர்த்தே விட முடிந்தால் நல்லது, புகையிலைக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

சாராயத்தில் அலட்சியம் கூடாது. கஞ்சாவை விட்டுத் தூக்கத்துக்குக் குவார்ட்டர் என்று மாறுவது ஒரு குழியிலிருந்து இன்னொரு குழி. அதைவிட முக்கியம், தினமும் குடிப்பவர் இரண்டையும் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கஞ்சாவை விடுவதால் உயிர் போகாது. தினசரிக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிர் போகலாம். அவருக்கு மருத்துவமனைதான். அறைத் தோழன் தருகிற தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் வேண்டாம், அவற்றை விடுவது கஞ்சாவைவிடக் கடினம். கஞ்சா விடுவதற்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து இதுவரை இல்லை. மருத்துவர் தருவது தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில நாள் மருந்தும், கூட ஆலோசனையும்தான்.

சட்டமும் மருத்துவமனையும்

அத்திப்பள்ளி தாண்டினால் சட்டம் தளரும் என்றொரு நம்பிக்கை இந்தப் பக்கம் உலவுகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மத்திய அரசின் சட்டம், மாநில எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றே. ஒரு கிலோ வரை “சிறிய அளவு” என்பதற்கு அனுமதி என்று பொருள் கிடையாது, அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. புகைத்ததற்கு மட்டும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், புகைத்ததற்கும் சிறிய அளவுக்குமான வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்குப் போகும். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி நீங்கள் மருத்துவரிடம் சொல்வது ரகசியம், கம்பெனிக்குப் போகாது.

ஓசூர் அரசு மருத்துவமனையும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் முதல் இடங்கள். அங்கே மனநலப் பிரிவைக் கேளுங்கள். கொஞ்சம் சிக்கலான நிலை என்றால் பெங்களூரு பஸ் ஏறுங்கள். மடிவாளா, டெய்ரி சர்க்கிள் தாண்டி அதே ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது, போதைப் பழக்கத்துக்கென்றே தனிச் சிகிச்சை மையம் அங்கே உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து தமிழ் பேசுபவர்கள் காலங்காலமாகப் போய்வருகிற இடம் அது, மொழிக்காகத் தயங்க வேண்டாம். ஆளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கிற தனியார் “மையங்களுக்கு” பணம் கட்டுவதற்கு முன், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

முப்பது நாள் முடிந்து மறுபடி தொடுகிறவர்களும் இருப்பார்கள், அதை மறைத்து எழுதிப் பயனில்லை. தொடாமலிருப்பதே நல்லது. தொட்டால், பழைய அளவை உடம்பு இப்போது தாங்காது என்பதை அறிந்திருங்கள். ஏற்பிகள் திரும்பி வந்துவிட்டன, அதே பொட்டலம் இந்த முறை நெஞ்சு படபடத்து, சாகப்போகிறோம் என்ற பயத்தில் கொண்டுபோய் விடலாம். அப்படி ஆகி அவசரப் பிரிவுக்குப் போனால், என்ன எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஒரு முறை சறுக்கியதற்காக முப்பது நாளும் போயிற்று என்றும் நினைக்காதீர்கள், மறுநாளிலிருந்து மறுபடி எண்ணலாம்.

நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416. நிம்ஹான்ஸ் தலைமையில் 2022 அக்டோபரிலிருந்து நடக்கிற டெலி மானஸ் சேவை. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. தமிழில் பேசலாம், அறையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தம்பி இருந்தால் அவன் இந்தியில் பேசலாம்.